அடிசன் நோயுடன் வாழ்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்ரீனல் சுரப்பி, பெரும்பாலும் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்குவதால், அழிந்து உண்டாகும் குறைபாட்டை அடிசன் நோய் என்கிறோம். இந்நோய் இருப்பதாக உறுதியானவர்களும் அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். இதே நோயுடன் பல ஆண்டுகளாக வாழ்பவன். இங்கே குறிப்பிடும் மருந்தளவுகள் பெரியவர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுபவை. உங்களுக்கு உரிய அளவை உங்கள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த நோயில் உடலுக்குள் எது குறைகிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் தொப்பி வைத்தாற்போல் ஓர் அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. அதன் எடை நான்கைந்து கிராம்தான். அதன் வெளிப்பகுதியான புறணியில் கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் ஆகிய இரண்டும், பாலியல் ஹார்மோன்களுக்கு மூலப்பொருளான டிஎச்இஏவும் சுரக்கின்றன. இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அளவுக்கு மீறித் தாழாமல் காப்பதும், காய்ச்சல், காயம், அறுவை போன்றவற்றை உடல் தாங்கிக்கொள்ளச் செய்வதும் கார்ட்டிசாலின் வேலை. உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குச் சொல்வது ஆல்டோஸ்டிரோன். அடிசன் நோயில் இவை எல்லாமே குறைந்துவிடுகின்றன. சுரப்பியின் உட்பகுதியில் சுரக்கும் அட்ரினலின் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

நீண்ட காலம் அதிக அளவில் ஸ்டீராய்டு உட்கொண்டு திடீரென நிறுத்தியவர்களுக்கும், மூளையின் அடியிலிருந்து மற்ற சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி பழுதானவர்களுக்கும் கார்ட்டிசால் குறையலாம். ஆனால் அவர்களுக்கு ஆல்டோஸ்டிரோன் குறைவதில்லை, தோலும் கறுப்பதில்லை. நெருக்கடிக் காலத்துக்கான விதிகள் மட்டும் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றே.

உடல் தன் சுரப்பியையே ஏன் தாக்குகிறது?

லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் 1855-இல் இந்நோயை விரிவாக எழுதியபோது, அவர் கண்ட நோயாளிகளில் பலருக்குக் காசநோய்தான் சுரப்பியை அரித்திருந்தது. காசநோய் குறைந்த நாடுகளில் இன்று பெரும்பான்மைக் காரணம் தன்னெதிர்ப்பு. கார்ட்டிசாலையும் ஆல்டோஸ்டிரோனையும் உருவாக்கத் தேவையான 21-ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதியை நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியப் பொருளாகக் கருதி, அதைத் தாங்கிய செல்களை மெல்ல மெல்ல அழிக்கிறது. சில மரபணு வகைகள் இந்தச் சாய்வைத் தருகின்றன. எஞ்சிய காரணங்கள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன. உணவுப் பழக்கத்தாலோ மனக்கவலையாலோ இது வந்ததென்று யாரேனும் உங்களைக் குற்றம் சொன்னால், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நோயைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு தாமதமாகிறது?

புறணியின் பெரும்பகுதி, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, அழியும் வரை உடல் எப்படியோ சமாளித்துவிடுகிறது. அதன் பின் வரும் அறிகுறிகளோ எந்த நோய்க்கும் பொருந்துவனவாக இருக்கின்றன: ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு, பசியின்மை, எடை குறைதல், குமட்டல், வயிற்றுவலி, எழுந்து நின்றால் கண் இருட்டுதல். இரைப்பைப் புண் என்றும் மனச்சோர்வு என்றும் பசியின்மை நோய் என்றும் பல மாதங்கள் மருத்துவம் பார்த்த பிறகே பலருக்கு உண்மை தெரியவருகிறது.

வழிகாட்டக்கூடிய இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, உப்பின் மீது வரும் அடங்காத ஆசை. வெறும் உப்பை உள்ளங்கையில் கொட்டி நக்கியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் மருத்துவருக்கு அதுவே பாதி விடையாக இருந்திருக்கும். மற்றொன்று தோலின் கறுப்பு. கார்ட்டிசால் குறையும்போது பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனலைச் சுரக்கத் தூண்டும் ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அள்ளி இறைக்கிறது. அது நிறமிச் செல்களையும் தூண்டிவிடுகிறது. இயல்பாகவே கருநிறத் தோல் உள்ளவர்களிடம் இது எளிதில் தப்பிவிடும் என்பதால் எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த இடங்களைப் பாருங்கள்: உள்ளங்கை ரேகைகளின் பள்ளம், விரல் மூட்டுகளின் மேற்புறம், ஈறு, உதட்டின் உட்புறம், அண்மையில் ஆறிய தழும்பு. ரேகைகள் மை தடவி எடுத்தாற்போல் கோடுகோடாகக் கறுத்திருக்கும். பழைய நிழற்படத்துடன் ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எந்தப் பரிசோதனைகள் நோயை உறுதி செய்கின்றன?

கார்ட்டிசால் அதிகாலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடியிலும் இருக்கும். ஆகவே காலை எட்டு மணியளவில் எடுக்கும் இரத்தத்தில் கார்ட்டிசாலும் ஏசிடிஎச்சும் பார்க்கப்படும். முன்னது தாழ்ந்தும் பின்னது மிக உயர்ந்தும் இருந்தால் ஐயத்துக்கு இடமே இல்லை. தெளிவில்லாதபோது 250 மைக்ரோகிராம் செயற்கை ஏசிடிஎச்சை ஊசியில் செலுத்தி, அரை மணி அல்லது ஒரு மணி நேரம் கழித்துக் கார்ட்டிசால் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பார்கள். சோடியம் தாழ்ந்திருப்பதும், பொட்டாசியமும் சிறுநீரகம் சுரக்கும் ரெனினும் உயர்ந்திருப்பதும் ஆல்டோஸ்டிரோன் குறைவைக் காட்டும்.

அடுத்த கேள்வி, காரணம் எது என்பது. 21-ஹைட்ராக்சிலேஸ் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால் தன்னெதிர்ப்பு என்று முடிவு செய்யலாம். இல்லையென்றால் வயிற்றை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்; காசநோயில் சுரப்பி வீங்கியோ சுண்ணாம்பு படிந்தோ தெரியும், தன்னெதிர்ப்பில் சுருங்கிக் கிடக்கும். எதிர்ப்பொருள் இல்லாத ஆண்களிடம், சிறுவர்களிடம் முக்கியமாக, அட்ரீனோலியுகோடிஸ்ட்ரோஃபி என்னும் மரபுநோயையும் தேடியாக வேண்டும். அது நரம்பு மண்டலத்தையும் தாக்கும்.

ஒருவர் மயங்கும் நிலையில் இருக்கும்போது பரிசோதனை முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது தவறு. இரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு மருந்தை உடனே கொடுப்பதே முறை.

வாழ்நாள் முழுவதும் ஸ்டீராய்டு சாப்பிட்டால் உடல் கெட்டுவிடாதா?

நோயாளியைவிட அவருடைய உறவினர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. இந்த அச்சமே நோயைவிட அதிகத் தீங்கு செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆஸ்துமாவுக்கோ மூட்டழற்சிக்கோ அழற்சியை அடக்குவதற்காக நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தரப்படும்போது, அது கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் கணக்கில் 160 மில்லிகிராமுக்கு ஈடாகும். முகம் உப்புவதும் எலும்பு மெலிவதும் சர்க்கரை ஏறுவதும் அத்தகைய அளவுகளை நெடுநாள் உட்கொள்வதன் விளைவுகள். அடிசன் நோயாளி ஒரு நாளில் உட்கொள்வது 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன். நலமாக இருந்தால் சுரப்பி தானே தந்திருக்கக்கூடிய அளவை ஒட்டியது அது. ஊரார் ஸ்டீராய்டு என்று சொல்லும்போது மனத்தில் கொள்ளும் மருந்துச் சிகிச்சையோடு அதற்குத் தொடர்பில்லை. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ அப்படித்தான் நமக்கு இது. இந்த அளவு நோயெதிர்ப்பு ஆற்றலைக் குறைத்துவிடுவதும் இல்லை. தடுப்பூசிகளைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

தேவைக்கு மேல் உட்கொண்டால் பக்க விளைவு வரும் என்பதும் உண்மையே. எடை ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, லேசாக இடித்தாலும் தோலில் இரத்தம் கன்றுகிறது என்றால் அளவு கூடியிருக்கலாம். மருத்துவரிடம் சொல்லிக் குறைக்க வேண்டும். தானாக நிறுத்துவது மட்டும் கூடாது. ஹைட்ரோகார்ட்டிசோன் இரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஓரிரு நாள் மருந்தை விட்டாலே உயிருக்கு ஆபத்தான நிலை வந்துவிடும்.

கார்ட்டிசோன் மருந்தாகக் கிடைக்கும் முன் இந்நோய் வந்தவர்கள் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோவதே வழக்கம். அட்ரீனல் புறணி ஹார்மோன்களைக் குறித்த ஆய்வுக்காக எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன், ஃபிலிப் ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் காலையில் விழுங்கும் சிறு மாத்திரை அந்த ஆய்வில் பிறந்தது.

மாத்திரைகளை எந்த நேரத்தில் உட்கொள்வது?

ஹைட்ரோகார்ட்டிசோனை இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரிப்பார்கள். பெரிய பங்கை விழித்தவுடன், படுக்கையை விட்டு எழும் முன்பே விழுங்கிவிடுவது நல்லது. அடுத்ததை நண்பகலிலும் மூன்றாவது இருந்தால் மாலைக்கு முன்பும் உட்கொள்ள வேண்டும். இரவில் உட்கொண்டால் தூக்கம் வராது. இரவுப் பணி செய்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் தாங்கள் விழிக்கும் நேரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். சிலருக்கு 3 முதல் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் ஒரு வேளை போதுமானதாக இருக்கும். டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு நாள்தோறும் உட்கொள்ள ஏற்றதன்று. அதன் அளவை நுட்பமாகச் சரிசெய்ய முடியாது.

அளவு சரியா என்று சொல்லும் இரத்தப் பரிசோதனை ஏதும் இல்லை என்பது பலருக்கு ஏமாற்றம் தருகிறது. எடை, இரத்த அழுத்தம், தோலின் நிறம், நாள் முழுதும் இருக்கும் தெம்பு ஆகியவற்றை வைத்தே மருத்துவர் கணிக்கிறார். எந்த மணியில் சோர்வு வருகிறது என்று இரண்டு வாரம் குறித்து எடுத்துப்போனால் அவருக்கு அது பேருதவி.

ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் எதற்கு?

அது ஆல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்கிறது. நாளுக்கு 50 முதல் 200 மைக்ரோகிராம் வரை, காலையில் ஒரே வேளை. படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் இரத்த அழுத்தத்தை அளந்து, சோடியம், பொட்டாசியம், ரெனின் அளவுகளைப் பார்த்து இதைச் சரிசெய்வார்கள். கணுக்கால் வீங்கினால் கூடுதல்; நின்றால் தலைசுற்றி உப்பைத் தேடினால் குறைவு. கடும் வெயிலில் வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், வெப்பமான மாதங்களில் உப்பைக் கூட்டிக்கொள்ளவோ இந்த மாத்திரையின் அளவைக் கூட்டவோ மருத்துவர் சொல்வார். உப்பைக் குறையுங்கள் என்ற பொதுவான உடல்நல அறிவுரை நமக்கு அப்படியே பொருந்தாது.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

நலமான உடல், காய்ச்சல் கண்டவுடன் கார்ட்டிசால் சுரப்பைத் தானே பலமடங்கு கூட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டலை நாம் கையால் செய்ய வேண்டும். வெப்பநிலை 38 டிகிரி செல்சியசைத் தாண்டினால் ஹைட்ரோகார்ட்டிசோனை இரட்டிப்பாக்கவும், 39-ஐத் தாண்டினால் மும்மடங்காக்கவும் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பொதுவாக இரண்டு மூன்று நாள் அப்படி உட்கொண்டு, உடல் தேறியதும் ஓரிரு நாளில் பழைய அளவுக்குத் திரும்பலாம். ஃப்ளூட்ரோகார்ட்டிசோனை மாற்ற வேண்டியதில்லை. சாதாரண சளிக்கோ ஒரு நாள் மனக்கவலைக்கோ அளவைக் கூட்டத் தேவையில்லை. எலும்பு முறிவு, விபத்து, நெருங்கியவரின் மரணம் தரும் பேரதிர்ச்சி ஆகியவற்றுக்குக் கூட்டத்தான் வேண்டும்.

கூட்டலாமா வேண்டாமா என்று ஐயம் வந்தால் கூட்டிவிடுங்கள். தேவையில்லாமல் இரண்டு நாள் இரட்டிப்பாக உட்கொண்டதால் யாருக்கும் கேடு வந்ததில்லை. தேவையான நாளில் உட்கொள்ளாமல் விட்டதால் உயிர் போயிருக்கிறது.

வாந்திதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனெனில் விழுங்கிய மருந்து உள்ளே தங்குவதில்லை. மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தியெடுத்தால் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். அதுவும் வெளியே வந்துவிட்டால் மூன்றாம் முறை முயலாமல் ஊசிக்குப் போய்விட வேண்டும். கடும் வயிற்றுப்போக்குக்கும் இதே விதிதான்.

அட்ரீனல் நெருக்கடி எப்படி இருக்கும்? ஊசியை நாமே போட முடியுமா?

கடும் சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, கால் தசை வலி, குளிர் நடுக்கம், தாழ்ந்த இரத்த அழுத்தம், பிறகு குழப்பம், மயக்கம். குழப்பம் வந்தபின் நோயாளியால் தன் நிலையைத் தானே உணர முடியாது. என் முதல் நெருக்கடியின்போது, எனக்கு ஒன்றுமில்லை, தூங்கவிடுங்கள் என்று நான் எரிந்து விழுந்ததாக வீட்டில் சொல்கிறார்கள், எனக்கு நினைவில்லை. எனவே நோயாளி மறுத்தாலும் ஊசியைப் போட்டுவிட வேண்டும் என்பதை நலமாக இருக்கும் நாளிலேயே வீட்டாருடன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில், தசைக்குள். குழந்தைகளுக்கு வயதுக்கேற்ப அளவு குறையும். மருந்து பெரும்பாலும் சிறு குப்பியில் வெண்பொடியாக இருக்கும். கலக்கும் நீரைச் சிரிஞ்சில் எடுத்து, ரப்பர் மூடியைக் குத்தி உள்ளே செலுத்தி, பொடி முழுதும் கரையும் வரை குப்பியை மெல்லச் சாய்த்துச் சுழற்றினால் போதும். குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து மருந்தை இழுத்து, காற்றுக் குமிழை வெளியேற்றி, ஊசியை நேர்செங்குத்தாகத் தொடையில் ஏற்ற வேண்டும். அவசரமென்றால் ஆடையின் மேலேயே போட்டுவிடலாம். கை நடுங்கும் நாளில் இதை முதன்முறையாகச் செய்து பழகக் கூடாது. காலாவதியான குப்பிகளை எறிந்துவிடாமல் எடுத்துவைத்து, பழத்தில் குத்திப் பழகுங்கள். வீட்டிலிருக்கும் எல்லோரையும் ஒருமுறையாவது செய்யச் சொல்லுங்கள்.

ஊசி போட்டதோடு வேலை முடியவில்லை. அது மருத்துவமனைக்குப் போய்ச்சேரும் வரைக்கான அவகாசம். அங்கே முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு லிட்டர் அளவுக்குச் சலைன் ஏற்றி, அதன்பின் 24 மணி நேரத்தில் 200 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தொடர்ச்சியாகவோ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையோ தருவார்கள்.

அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்நோயைப் பற்றித் தெரியாவிட்டால்?

அப்படி நடக்கத்தான் செய்கிறது. அரிதான நோய் என்பதால் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் பாடநூலில் மட்டுமே இதைப் படித்திருக்கலாம். கோபப்படுவதைவிட ஒரு தாளை நீட்டுவது பயன் தரும். நோயின் பெயர், நெருக்கடியில் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் உடனே தேவை என்ற ஒரு வரி, உங்கள் மருத்துவரின் கையொப்பம் ஆகியவை உள்ள அட்டையைப் பணப்பையிலும், அதன் படத்தைக் கைபேசியின் முகப்பிலும் வைத்திருங்கள். மயங்கிக் கிடப்பவரின் மணிக்கட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பதால் மருத்துவ எச்சரிக்கை வளையலும் நல்லது.

மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்த அறுவைக்கும் தொடக்கத்தில் 100 மில்லிகிராம் தேவை. பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் ஆபத்து பரிசோதனையைவிட முந்தைய நாள் வயிற்றைக் கழுவத் தரும் மருந்தில்தான் இருக்கிறது. நீரும் உப்பும் பெருக்கெடுத்து வெளியேறுவதால் அதற்கான திட்டத்தை முன்பே கேட்டு வையுங்கள்.

இதனுடன் வேறு என்ன நோய்கள் வரக்கூடும்?

தன்னெதிர்ப்பு அடிசன் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வாழ்நாளில் இன்னொரு தன்னெதிர்ப்பு நோயும் வருகிறது. தைராய்டு நோய் முதலிடத்தில் நிற்கிறது. முதல் வகை சர்க்கரை நோய், வெண்புள்ளி, வைட்டமின் பி12 உறிஞ்சப்படாமையால் வரும் இரத்தசோகை, குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய், இளவயதிலேயே சூலகம் ஓய்ந்துபோதல் ஆகியவை பின்வருகின்றன. அடிசன் நோயுடன் தைராய்டு நோயோ முதல் வகை சர்க்கரை நோயோ சேர்ந்திருந்தால் அதை இரண்டாம் வகைப் பல்சுரப்பித் தன்னெதிர்ப்பு நோய்த்தொகுதி என்பார்கள். அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடிக்கு 1947-இல் லண்டனில் அடிசன் நோய் கண்டறியப்பட்டது. தைராய்டு குறைவும் அவருக்கு இருந்தது. இந்த நோய்த்தொகுதியின் முதல் வகை மிக அரிது. ஏஐஆர்இ என்ற மரபணுவின் பழுதால் சிறுவயதிலேயே வாயில் ஓயாத பூஞ்சைத் தொற்று, பாராதைராய்டு குறைவால் கால்சியம் தாழ்தல், அடிசன் நோய் ஆகியவை அடுத்தடுத்து வரும்.

இவை பட்டியலில் தனித்தனியாகத் தெரிந்தாலும் உடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்றின் மருந்தை மாற்றினால் மற்றொன்றின் கணக்கு மாறும்.

தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மிக நெருங்கிய தொடர்பு. அந்த மாத்திரையில் உள்ள தைராக்சின் என்ற ஹார்மோன் உடலின் வேகத்தைக் கூட்டுவதோடு கார்ட்டிசாலை விரைவாகச் சிதைக்கவும் செய்கிறது. அடிசன் நோய் இருப்பது தெரியாமல் தைராக்சினை மட்டும் தொடங்கினால், மிஞ்சியிருந்த சிறிதளவு கார்ட்டிசாலும் தீர்ந்து சில வாரங்களில் நெருக்கடி வரலாம். தைராய்டு மாத்திரை தொடங்கிய பின் களைப்பு தீராமல் கூடினால் அட்ரீனலைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் குறைவென்றால் கார்ட்டிசாலை முதலில் ஈடுசெய்துவிட்டே தைராக்சினைத் தொட வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கார்ட்டிசால் குறைவே, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சின் அளவைச் சற்று உயர்த்திக் காட்டும். ஹைட்ரோகார்ட்டிசோன் தொடங்கிச் சில வாரங்களில் அது தானாக இயல்புக்கு வருவதுண்டு. தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் வந்தால், அது அடங்கும் வரை ஹைட்ரோகார்ட்டிசோனைக் கூட்ட வேண்டியிருக்கும்.

சர்க்கரை நோயும் இருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் வகை சர்க்கரை நோயாளி ஒருவருக்கு உணவும் வேலையும் மாறாமலிருக்க, இன்சுலின் தேவை மட்டும் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. விடியற்காலையில் சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோகிறது. நோய் கட்டுக்குள் வருகிறது என்று வீட்டார் மகிழ்வார்கள். உண்மையில் சர்க்கரையை ஏற்றிப் பிடிக்கும் கார்ட்டிசால் மறைந்துகொண்டிருக்கலாம். சிகிச்சை தொடங்கியதும் இன்சுலின் தேவை மறுபடி ஏறும். அதைப் பின்னடைவாக எண்ண வேண்டாம்.

காய்ச்சலுக்காக ஹைட்ரோகார்ட்டிசோனை இரட்டிப்பாக்கும் நாளில் சர்க்கரை எகிறும். அப்போது கூட்ட வேண்டியது இன்சுலினை. சர்க்கரைக்குப் பயந்து ஸ்டீராய்டைக் குறைக்கவே கூடாது. வாந்தி வந்தால், இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் கீட்டோனையும் பார்க்க வேண்டும், ஊசியும் போட வேண்டும். இரண்டில் எது காரணம் என்று வீட்டிலிருந்து பிரித்தறிய முடியாது.

மற்ற நோய்களுக்கான அறிகுறிகள் எவை?

பாதம் மரத்துப்போவதும் நாக்கு வழவழப்பாகிப் புண்ணாவதும் பி12 குறைவைக் காட்டலாம். பி12 ஊசியால் எளிதில் சரியாகும். எடை ஏறாமலும் வயிற்றுப்போக்கு ஓயாமலும் இருந்து, மாத்திரை ஒரு நாள் வேலை செய்வதும் மறுநாள் செய்யாததுமாக இருந்தால் சீலியாக் நோயை எண்ணிப் பார்க்க வேண்டும். குடல் புண்ணானால் மருந்தும் ஒழுங்காக உறிஞ்சப்படாது. வெண்புள்ளியால் உடலுக்குத் தீங்கில்லை. ஆனால் கறுத்த தோலின் நடுவே வெளுத்த திட்டுகள் தெரிவது மனத்தை வருத்தும் என்பதை மருத்துவர்கள் எளிதாகக் கடந்துபோய்விடுகிறார்கள்.

பெண்களுக்கு ஒரு செய்தி. அட்ரீனலைத் தாக்கும் எதிர்ப்பொருள்களில் சில சூலகத்தையும் தாக்குவதால், நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிடக்கூடும். குழந்தை வேண்டுமென்று எண்ணுபவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

கருவுறலாமா?

கருவுறலாம். ஹைட்ரோகார்ட்டிசோனை நச்சுக்கொடி பெரும்பாலும் செயலிழக்கச் செய்துவிடுவதால் குழந்தைக்கு அது போய்ச்சேர்வது குறைவு. டெக்சாமெதசோன் அப்படியே கடந்துபோகும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். கடைசி மூன்று மாதங்களில் ஹைட்ரோகார்ட்டிசோனை 20 முதல் 40 விழுக்காடு கூட்ட வேண்டியிருக்கும். பிரசவ வலி தொடங்கியதும் 100 மில்லிகிராம் ஊசி தேவை. முதல் மாதங்களில் வரும் மசக்கை வாந்தியை, இயல்பானதுதானே என்று விட்டுவிடக் கூடாது.

எந்த மருந்துகளோடு எச்சரிக்கை வேண்டும்?

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமசெபின் ஆகியவை ஹைட்ரோகார்ட்டிசோனை விரைவாகச் சிதைப்பதால் அளவைக் கூட்ட வேண்டும். பூஞ்சைக்குத் தரும் இட்ராகோனசோலும் எச்ஐவிக்குத் தரும் ரிட்டோனாவிரும் சிதைவைத் தாமதப்படுத்துவதால் குறைக்க வேண்டியிருக்கலாம். சிறுநீரைப் பெருக்கத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனின் வேலையைத் தடுக்கிறது. மூலிகை தீங்கற்றது என்று நம்பப்பட்டாலும், அதிமதுரம் கார்ட்டிசால் செயலிழப்பதைச் சிறுநீரகத்தில் தடுத்து இரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கிவிடும்.

அட்ரீனல் களைப்பு என்ற பெயரில் விற்கப்படும் சத்துப்பொருள்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அப்படியொரு நோயை மருத்துவம் ஏற்கவில்லை. அந்தப் பொருள்கள் நமக்கு எவ்வகையிலும் உதவா.

மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும் களைப்பு போகவில்லையே?

பலருக்கும் இதுவே நிலை, மறைக்க ஒன்றுமில்லை. உடல் நொடிக்கு நொடி செய்த ஏற்ற இறக்கத்தை மூன்று வேளை மாத்திரை முழுமையாகப் பின்பற்ற முடியாது. ஆனால் அதை விதியென்று ஏற்கும் முன் சிலவற்றைச் சரிபார்க்கலாம்: வேளைகளின் பிரிவு, ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் அளவு, தைராய்டு, பி12, இரும்புச்சத்து, தூக்கம், மனச்சோர்வு. எனக்கு மொத்த அளவை மாற்றாமல் இரண்டு வேளையை மூன்றாகப் பிரித்ததே பிற்பகலை மீட்டுத் தந்தது. நடை, நீச்சல் போன்ற அன்றாட உடற்பயிற்சிக்குக் கூடுதல் மருந்து வேண்டாம். நெடுந்தொலைவு ஓட்டம் போன்றவற்றுக்கு முன்னதாகச் சிறிதளவு கூட்டுவார்கள்.

பிள்ளைகளுக்கும் வருமா?

முதல் வகை நோய்த்தொகுதி தவிர, நேரடியாக மரபில் இறங்கும் நோயன்று இது. சாய்வு மட்டும் சற்றுக் கூடுதல். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. எல்லோரையும் பரிசோதித்துக் கவலையைப் பெருக்குவதைவிட, காரணமில்லாத களைப்போ எடைக்குறைவோ வந்தால் குடும்ப வரலாற்றை மருத்துவரிடம் சொல்லிவிடுவது போதும்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது?

அளவு நிலைப்பட்டபின் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அப்போது இரத்த அழுத்தம், எடை, சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றோடு தைராய்டு, சர்க்கரை, பி12, இரத்த அணுக்கள் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பின் அடர்த்தியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளக்கலாம். பயணத்தில் மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கையும் ஊசியையும் கையோடு எடுத்துச்செல்லும் பையில் வையுங்கள். அதே ஆண்டுச் சந்திப்பை நினைவூட்டலாகக் கொண்டு ஊசிப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்: குப்பியின் காலாவதித் தேதி, சிரிஞ்சு இருக்கிறதா, அட்டையில் எழுதிய அளவு இன்றைய அளவுதானா. சென்ற ஆண்டு என் பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தது, கலக்கும் நீரைத் தவிர.